அத்தியாயம் 6: இன்றைய தேதியில் ஒரு கேள்வி

பள்ளிக்கூட வராந்தாவிலோ கிளை நூலகத்தின் வாசலிலோ ஒரு கரும்பலகை இருக்கும். மேலே திருக்குறள், அதற்கடியில் பொருள், அப்புறம் யாரோ சொன்ன பொன்மொழி. அதற்கும் கீழே ஒரு சாண் இடம் சும்மா கிடக்கும். அந்த ஒரு சாணில் தினம் ஒரு வரலாற்றுக் கேள்வி எழுதிப் போடுவதற்கு வழி சொல்வதுதான் இந்த அத்தியாயம். நிபந்தனை ஒன்றே ஒன்று: கேட்கப்படும் சம்பவம் இதே தேதியில், ஏதோ ஓர் ஆண்டில் நடந்திருக்க வேண்டும்.

பார்த்தால் சுலபமான வேலை. ஆனால் ஆரம்பிக்கிறவர்களில் பலர் சில வாரங்களில் கைவிட்டுவிடுகிறார்கள். ‘வரலாற்றில் இன்று’ பட்டியல் ஒன்றைப் பார்த்து, கண்ணில் பட்ட முதல் வரியை எடுத்து, கடைசியில் கேள்விக்குறி போட்டுவிடுவதுதான் காரணம். ‘வேலூர்ப் புரட்சி எந்த ஆண்டு நடந்தது?’ தெரிந்த பிள்ளை 1806 என்று சொல்லிவிட்டுப் போகும். தெரியாத பிள்ளை நின்று யோசிக்க அதில் எதுவுமில்லை. இருவருமே மறுநாள் பலகைப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

ஆகவே தேதியும் ஆண்டும் கேள்விக்குள்ளேயே இருக்கட்டும். விடை வேறு எதுவாகவாவது இருக்கட்டும். ஜூலை 10 அன்று இப்படி எழுதிப் பாருங்கள்: ‘1806-ல் இதே நாள், விடிவதற்கு முன்பே வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆயுதம் எடுத்தார்கள். அவர்களுடைய உடையில் கம்பெனி கொண்டுவந்த ஒரு மாற்றம் முக்கியக் காரணம். உடம்பில் எந்த இடத்தில் அணியும் பொருள் அது?’ தலை. தோல் வைத்த புது மாதிரித் தலைப்பாகையைக் கட்டச் சொன்னார்கள். நெற்றிக் குறிகளையும் தாடியையும் தடுத்தார்கள். வரலாறு படிக்காத பிள்ளையும் சட்டை, செருப்பு, தொப்பி என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து விடைக்கு வந்துவிடலாம். ஆண்டு 1857-க்கு அரை நூற்றாண்டு முந்தையது என்பதும் கேட்காமலே மனதில் ஏறிவிடும்.

நோட்டு

முதலில் 366 பக்கம் உள்ள ஒரு நோட்டு போடுங்கள். பக்கத்துக்கு ஒரு தேதி. கிழமை, ஆண்டு எதுவும் தலைப்பில் வேண்டாம். எங்கே எதைப் படித்தாலும், தேதியோடு ஒரு சம்பவம் கிடைத்தால் அந்தப் பக்கத்தில் ஒரு வரி. பக்கத்திலேயே எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்ற குறிப்பு. அந்தக் குறிப்பை விட்டுவிட்டால், பின்னால் யாராவது ‘சார், எங்க புத்தகத்துல வேற தேதி போட்டிருக்கே’ என்று வந்து நிற்கும்போது கையைப் பிசைய வேண்டியிருக்கும்.

சில பக்கங்கள் பல மாதம் காலியாகவே இருக்கும். சில பக்கங்கள் நிரம்பி வழியும். அக்டோபர் 16-ஐப் பாருங்கள். 1799-ல் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அதற்கு ஆறு ஆண்டு முன்பு, 1793-ல் அதே தேதியில் பாரிஸில் மரி அந்துவானெத்தின் தலை கில்லட்டினில் விழுந்தது. 1905-ல் கர்சன் செய்த வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்ததும் இதே தேதிதான். மூன்றையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். மூன்று ஆண்டுக்குக் கேள்வி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுப்பது?

ஜூலை 21-ஐ எடுத்துக்கொள்வோம். 1960-ல் இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பதவியேற்று உலகின் முதல் பெண் பிரதமரானார். 1969-ல், நம் கடிகாரத்தின்படி காலை 8.26-க்கு ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தார். 2001-ல் சிவாஜி கணேசன் காலமானார்.

நிலவைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். ஆனால் அது எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த விடை. சிவாஜியைப் பற்றிக் கேட்டால் ஆசிரியர்களும் பெற்றோரும் மகிழ்வார்கள், எட்டாம் வகுப்பு விழிக்கும். நான் சிறிமாவோவை எடுப்பேன். ‘உலகின் முதல் பெண் பிரதமர் எந்த நாட்டில் ஆட்சிக்கு வந்தார்? இங்கிலாந்து, இந்தியா, இஸ்ரேல், இலங்கை’ என்று நான்கு நாடுகளின் பெயரையும் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இந்தியா அல்லது இங்கிலாந்து என்பார்கள். விடை, ராமேஸ்வரத்திலிருந்து ஒரு கடல் தாண்டினால் வரும் நாடு. அந்த வியப்புக்காகத்தான் அந்தக் கேள்வி. நான்கு நாடுகளுமே பெண் பிரதமரைக் கண்டவை என்பதால் எதையும் எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. தவறான விடைகளையும் இப்படி யோசித்துத்தான் வைக்க வேண்டும். ஒப்புக்கு மூன்று பெயர் போட்டால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஊருக்கு ஏற்ற கேள்விக்கு எப்போதும் முன்னுரிமை கொடுங்கள். செப்டம்பர் 5 வந்தால் நாடு முழுக்க ராதாகிருஷ்ணன்தான். 1872-ல் அதே தேதியில் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையைத் தூத்துக்குடிப் பக்கம் மறக்க மாட்டார்கள். மற்ற மாவட்டங்களில் ஆசிரியர் தின ஆரவாரத்தில் அவர் அமுங்கிப் போகிறார். அவருடைய சுதேசிக் கப்பலை ஒழிக்க ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகச் சொல்லி, கூடவே ஒரு பொருளையும் தர முன்வந்ததாக அவர் வரலாற்றில் சொல்வார்கள். என்ன பொருள்? குடை. கப்பலில் இலவசப் பயணம், இறங்கினால் கையில் ஒரு குடை. ஒரு வாரத்துக்கு இதையே பேசிக்கொண்டிருப்பார்கள்.

‘உலக இன்னின்ன தினம்’ வகைக் கேள்விகளை முடிந்தவரை ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு தினமாக இருக்கிறது. அதில் சம்பவம் இல்லை, அறிவிப்புதான் இருக்கிறது.

ஒரு தேதி, மூன்று கேள்விகள்

நவம்பர் 7-ல் சர் சி.வி.ராமன் 1888-ல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். மேரி கியூரி 1867-ல் வார்சாவில் பிறந்தார். கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாபர் 1862-ல் ரங்கூனில் சிறைக் கைதியாகவே இறந்தார். 1917-ல் ரஷ்யாவில் லெனினின் கட்சி ஆட்சியைப் பிடித்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு: ‘இன்று பிறந்த இரண்டு விஞ்ஞானிகளில் ஒருவர் நோபல் பரிசை இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு அறிவியல் துறைகளில் பெற்றார். இந்தப் பெருமை வேறு யாருக்கும் இல்லை. யார்?’ இதில் ராமன் பெயரைச் சொல்லாமலே விட்டிருப்பதைக் கவனியுங்கள். ‘இன்னொருவர் யார்?’ என்று பிள்ளைகளே கேட்கட்டும்.

நடுத்தரத்துக்கு: ‘இன்று திருச்சியில் பிறந்த ஒருவர் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரியாக இருந்தார். அலுவலகம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் பௌபஜார் தெருவிலிருந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போவார். பின்னால் அந்த ஆய்வுக்கூடத்தில் அவர் கண்டறிந்த ஒன்றின் நினைவாக நாம் பிப்ரவரியில் எந்த நாளைக் கொண்டாடுகிறோம்?’ பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். பிறந்த தேதியிலிருந்து தொடங்கி இன்னொரு தேதியில் முடிகிறது. இந்த வகையில் மாதம் ஒன்றிரண்டு போதும்; அடிக்கடி வந்தால் சலித்துவிடும்.

பெரியவர்களுக்கு: ‘இன்று நவம்பர் 7. ரஷ்யாவில் இன்று நடந்ததன் பெயர் அக்டோபர் புரட்சி. இது எப்படி?’ இந்தத் தேதிக்கு என் ஓட்டு இதற்குத்தான். அதன் விடைதான் இந்த அத்தியாயத்தின் கடினமான பகுதிக்கு வழி விடுகிறது.

அது யாருடைய தேதி?

1582-ல் போப் 13-ஆம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். இத்தாலி, ஸ்பெயின், போர்த்துகல் போன்ற கத்தோலிக்க நாடுகளில் அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. பிரிட்டன் அதை ஏற்க 1752 வரை ஆயிற்று. அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. ரஷ்யா 1918-ல்தான் மாறியது. ஆகவே பெத்ரோகிராடில் ஆட்சி மாறிய நாள் அங்கிருந்தவர்களுக்கு அக்டோபர் 25. அன்றைக்கு நமக்கு நவம்பர் 7.

இது ரஷ்யாவின் விவகாரம் என்று விட்டுவிட முடியாது. மதராஸ் தினம் என்று ஆகஸ்ட் 22-ஐக் கொண்டாடுகிறோம். 1639-ல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு நிலம் கிடைத்த நாள். அந்த ஆங்கிலேயர்கள் பழைய நாட்காட்டியில் இருந்தவர்கள். அன்றைக்கு இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். அதே நாளில் பக்கத்தில் சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியர் ஒரு கடிதம் எழுதியிருந்தால் மேலே செப்டம்பர் 1 என்று போட்டிருப்பார்கள். 1746-ல் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்ததற்கும் இப்படி இரண்டு தேதி: பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. இரண்டுமே தப்பில்லை. 1752-க்கு முந்தைய சம்பவம் ஏதாவது எழுதினால், ‘ஆங்கிலேயர் பதிவுப்படி’ என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள்.

கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்று ஒரு கேள்வி சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேட்க அழகாக இருக்கும். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியின் புது நாட்காட்டியில். நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்தின் பழைய நாட்காட்டியில். இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. அழகு போய்விடுகிறது, ஆனால் இன்னும் நல்ல கேள்வி ஒன்று கிடைக்கிறது.

அடுத்த சிக்கல் கடிகாரம். அப்போலோ 11 நிலவில் இறங்கியது அமெரிக்காவில் ஜூலை 20. நமக்கு 21-ஆம் தேதி அதிகாலை 1.47. அமெரிக்கப் பட்டியலைப் பார்த்து 20-ஆம் தேதி எழுதலாம், இந்திய நேரம் பார்த்து 21 எழுதலாம். எதை எடுத்தாலும் பலகையில் சொல்லிவிடுங்கள். பேர்ல் ஹார்பர் தாக்குதல் ஹவாயில் 1941 டிசம்பர் 7. மலாயாவில் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கியது டிசம்பர் 8. தேதியைப் பார்த்தால் பேர்ல் ஹார்பர்தான் முதலில் என்று தோன்றும். உண்மையில் கோத்தா பாரு சுமார் ஒரு மணி நேரம் முந்தியது. நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு கிடக்கிறது. மலாயாத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர் குடும்பங்களுக்குப் போர் வந்த நாள் அது. ‘எது முதலில்?’ என்ற இரண்டே சொல் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சம்பவம் கிடைப்பது கஷ்டம்.

நள்ளிரவு இன்னொரு தொல்லை. பாரதியார் நினைவு நாள் செப்டம்பர் 11 என்றுதான் ஊரறியும். தமிழக அரசும் 2021-ல் அதையே மகாகவி நாள் என்று அறிவித்தது. ஆனால் 1921-ல் திருவல்லிக்கேணி வீட்டில் அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். ஆங்கிலக் கணக்கில் அது 12. பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்பது நம் வீடுகளில் இன்றும் உள்ள கணக்கு. அதன்படி 11 சரி. தனுஷ்கோடியைப் புயல் அழித்ததும் 1964 டிசம்பர் 22-க்கும் 23-க்கும் இடைப்பட்ட இரவில். இப்படிப்பட்ட சம்பவத்தில் தேதியையே விடையாகக் கேட்டால் சண்டைதான் வரும்.

பாரதியார் பிறந்த தேதியிலும் ஒரு பள்ளம் உண்டு. 11-12-1882. நமக்கு அது டிசம்பர் 11. மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்கர் கண்ணுக்கு நவம்பர் 12. நாளும் மாதமும் இரண்டுமே 12-க்குள் இருந்தால், எண்ணாக எழுதிய தேதியை நம்பாமல் மாதத்தின் பெயர் அச்சான இடத்தைத் தேடிப் பார்த்துவிடுங்கள். பழைய செய்தித்தாளில் எடுக்கும்போது, காலை இதழின் தேதி வேறு, சம்பவம் நடந்த தேதி வேறு என்பதும் நினைவிருக்கட்டும்.

சில விஷயங்களுக்கு ஒரே தேதி கிடையாது. தமிழ்நாடு எப்போது பிறந்தது? மொழிவழி மாநிலமாக எல்லை வகுக்கப்பட்டு, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சேர்ந்தது 1956 நவம்பர் 1. அண்ணா முதல்வராக இருந்தபோது பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 ஜூலை 18. அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. தமிழ்நாடு நாள் நவம்பர் 1 என்று 2019-ல் ஓர் அரசு கொண்டாடியது. 2021-ல் அடுத்த அரசு ஜூலை 18 என்றது. உங்கள் பலகையில் கட்சி கட்ட வேண்டாம். மூன்று நாளிலும் மூன்று வேறு கேள்வி கேளுங்கள். ஜனவரி 14-க்கு ஒன்று சொல்கிறேன்: பெயர் நடைமுறைக்கு வந்த பிறகு அதை மாற்றிய முதல்வர் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்? ஒரு மாதம்கூட இல்லை. அண்ணா இறந்தது பிப்ரவரி 3.

இன்னும் பின்னால் போனால் ஆங்கிலத் தேதியைத் தேடுவதே வீண். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கு ராஜராஜன் செப்புக் குடம் கொடுத்ததைக் கல்வெட்டு, அவருடைய 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் என்று சொல்கிறது. கி.பி. 1010 என்று ஆண்டு சொல்லலாம். சோழர் காலச் சம்பவத்துக்கு ஆங்கில மாதமும் தேதியும் போட்டு யாராவது கொடுத்தால், அது எந்த நட்சத்திரத்திலிருந்து யார் கணக்கிட்டது என்று கேட்டுவிட்டு நோட்டில் ஏற்றுங்கள். முந்தைய தலைமுறைத் தலைவர்கள் சிலரின் பிறந்தநாளும் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான்.

‘முதல்’ என்ற சொல்

தேதிக் கேள்விகளில் பாதி ‘முதல்’ என்றுதான் வரும். அந்தச் சொல்லுக்கு முன்னால் எப்போதும் ஒரு வேலி போடுங்கள். 1853 ஏப்ரல் 16-ல் பம்பாய் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது இந்தியாவின் முதல் ரயில் என்று எழுதினால், செங்குன்றத்திலிருந்து கல் ஏற்றி வர 1837-லேயே சென்னையில் இருப்புப்பாதை இருந்ததே என்று யாராவது கேட்பார்கள். கேட்பது நியாயம். ‘முதல் பயணிகள் ரயில்’ என்றால் வம்பில்லை. தென்னிந்தியாவுக்கு 1856 ஜூலை 1, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு.

கேட்கக் கூடாதவை

2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26-ல் நாகப்பட்டினம் கரையில் கடல் உள்ளே வந்தது. இவற்றில் எத்தனை பேர் என்று கேட்பது வினாடி வினா ஆகாது. அந்த ஊர்ப் பலகையில் அன்றைக்குக் கேள்வியே வேண்டாம். இரண்டு வரி அஞ்சலி எழுதலாம், சும்மாவும் விடலாம். வேறு ஊரில் ஜூலை 16-க்கு அப்போலோ 11 கிளம்பிய நாள் இருக்கிறது.

பழைய கொடுமைகளை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. ஏப்ரல் 13 ஜாலியன்வாலா பாக் இல்லாமல் போகக் கூடாது. சுட்டவன் பெயர், குண்டு எத்தனை என்று போகாமல், அந்தச் செய்தி கேட்டு பிரிட்டிஷ் அரசு தந்த ‘சர்’ பட்டத்தைத் துறந்த கவிஞர் யார் என்று கேளுங்கள். விடை தாகூர். அடுத்த ஆண்டு அதே நாளுக்கு, 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து உப்பு எடுக்கக் கிளம்பியவர்கள் எந்த ஊருக்கு நடந்தார்கள் என்பது இருக்கிறது. வேதாரண்யத்துக்கு.

விடை

காலையில் கேள்வி, மாலையில் விடை. மறுநாள் வரை வைத்திருந்தால் ஆர்வம் ஆறிவிடும். விடையோடு மூன்று வரி விளக்கம் இருக்க வேண்டும். அதில் கேள்வியில் சொல்லாத ஒரு புது விஷயமாவது இருக்கட்டும். சரியாகச் சொன்னவர்கள் பெயரை எழுதுவதா என்றால், நான் எழுத மாட்டேன். நாலு நாளில் அதே மூன்று பெயர்கள் வரத் தொடங்கும், மற்றவர்கள் விலகிவிடுவார்கள். தப்பான விடைகளில் யோசித்துச் சொன்ன ஒன்றைப் பெயர் போடாமல் எழுதி, ஏன் அப்படித் தோன்றியிருக்கும் என்று ஒரு வரி சேர்த்தால் கூட்டம் கூடும்.

யாராவது வேறு தேதியோடு வந்தால் நோட்டை எடுத்துக் காட்டுங்கள். அவர் கொண்டுவந்த ஆதாரத்தையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பல சமயம் அடுத்த ஆண்டுக் கேள்வி அதில்தான் இருக்கும்.

கடைசியாக, நோட்டில் பலரும் காலியாக விடும் பக்கம் பிப்ரவரி 29. மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29-ல் பிறந்தார். அவருக்கு அடுத்த பிறந்தநாள் எந்த ஆண்டு வந்தது? எல்லோரும் 1900 என்பார்கள். நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு, 1900 வகுபடாது. ஆகவே 1904. குழந்தை மொரார்ஜி எட்டு வருடம் காத்திருந்து பார்த்த அந்த முதல் பிறந்தநாளில்தான் மதுரையில் ருக்மிணி தேவி பிறந்தார், பின்னாளில் கலாக்ஷேத்ராவை நிறுவியவர். 1977-ல் பிரதமரான மொரார்ஜி, அந்த ருக்மிணி தேவியைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி கேட்டார்; அவர் மறுத்துவிட்டார். இரண்டையும் ஒரே கேள்வியில் திணிக்காமல் கணக்கைக் காலையிலும் கதையை மாலை விடையிலும் வையுங்கள். 2028-ல் பிப்ரவரி 29 செவ்வாய்க்கிழமை வருகிறது, பள்ளிக்கூட நாள்.